சேவை வாக்காளர், வெளிநாடு வாழ் வாக்காளர் பதிவு (போடிநாயக்கனூர் தொகுதி)

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் சட்டமன்றத் தொகுதி (எண் 200), தேனி மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியது. ஏலக்காய் ஏலத்துக்குப் பேர்போன போடி நகரமும், மேற்கே குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு என்று ஏறும் மலைச்சரிவுகளும் இதில் உண்டு. பட்டாளத்துக்குப் போனவர், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போனவர், எல்லை தாண்டிக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போனவர் என மூன்று வகையாக இங்கே ஆட்கள் ஊரை விட்டு விலகி இருக்கிறார்கள். மூவரையும் தேர்தல் சட்டம் மூன்று விதமாக நடத்துகிறது.

பதிவுக்கு அடிப்படை 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஒருவர் எந்தத் தொகுதியில் ‘சாதாரணமாக வசிக்கிறாரோ’ அங்கேதான் பெயர் சேர்க்க முடியும் என்பது பொது விதி. படைவீரர் போன்ற சிலருக்கு 20-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. பணிக்குப் போகாமல் இருந்திருந்தால் எந்த ஊரில் இருந்திருப்பாரோ, அந்த ஊரிலேயே வசிப்பதாக அவர் கருதப்படுவார். லடாக்கில் காவல் நின்றாலும் போடிக்காரர் போடிக்காரரே.

இவ்வகையினரைச் சேவை வாக்காளர் என்கிறார்கள். முப்படையினர், இராணுவச் சட்டத்தின் விதிகள் பொருந்தும் மற்றப் படையினர், வெளி மாநிலத்தில் பணியாற்றும் மாநில ஆயுதப்படைக் காவலர், அயல்நாட்டில் பணியமர்த்தப்பட்ட மத்திய அரசு ஊழியர் ஆகியோர் இதில் அடங்குவர். படையினருக்குப் படிவம் 2, வெளி மாநிலத்திலுள்ள ஆயுதப்படைக் காவலருக்கு 2ஏ, தூதரகம் போன்ற அயல்பணியில் இருப்போருக்கு 3. படைவீரர் தம் பிரிவின் அதிகாரி வழியாக விண்ணப்பிக்க, ஆவணம் சொந்தத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலருக்கு வந்து சேரும். பெயர் பட்டியலின் கடைசிப் பாகத்தில் ஏறும். உடன் வசிக்கும் மனைவியும் அதே பாகத்தில் சேரலாம். பெண் அதிகாரியின் கணவருக்கு இந்த வசதி நெடுங்காலம் இல்லை. 2021-இல் நிறைவேறிய திருத்தம் ‘மனைவி’ என்ற சொல்லை ‘வாழ்க்கைத்துணை’ என்று மாற்றியது. கூடவே இருந்தாலும் வயதுவந்த பிள்ளைகள் இதில் சேர முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்தில் பொது வாக்காளராகத்தான் பதிய வேண்டும்.

தபாலில் வாக்களிக்கும் இவர்களுக்கு, வாக்குச்சீட்டு போய்த் திரும்பும் காலம்தான் பழைய தொல்லை. வேட்பாளர் இறுதிப் பட்டியல் வெளியாகி, சீட்டு அச்சாகி, தபாலில் எல்லை முகாமுக்குப் போய், திரும்பி வருவதற்குள் வாக்கு எண்ணிக்கையே முடிந்துவிடும். 2016 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு, சீட்டை இணையவழி அனுப்பும் முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. கடவுச்சொல்லிட்டுக் காக்கப்பட்ட கோப்பாக வரும் சீட்டை வீரர் அச்செடுத்து, வாக்கைக் குறித்து, 13பி எனும் உள்ளுறையில் இட்டு ஒட்ட வேண்டும். அதிகாரி சான்றொப்பமிட்ட 13ஏ உறுதிமொழியோடு அதை 13சி வெளியுறையில் வைத்துத் தபாலில் சேர்க்க வேண்டும். அதாவது போகும்போதுதான் மின்வேகம்; வரும்போது தபால்காரர் வேகம்தான். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்கு வராத உறை செல்லாது. வந்த உறைகளின் கியூஆர் குறியீடுகளை மேசையில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஒப்பிடுவார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் 18,02,646 சேவை வாக்காளர்களில் 10,84,266 பேரின் சீட்டுகள் திரும்பி வந்தன. ஏறத்தாழ அறுபது விழுக்காடு. பழைய நிலையை எண்ணினால் பெரிய தாவல். தபால் வேண்டாம் என்றால், தமக்காக வாக்களிக்க ஊரில் இருக்கும் ஒருவரைப் பதிலியாக நியமிக்கும் உரிமையும் 2003 முதல் படையினருக்கு உண்டு. பதிலிக்கு இடக்கை நடுவிரலில் மை வைப்பார்கள்.

பிழைப்புக்காகக் கடல் கடந்தவருக்கு இந்தத் தாராளம் கிடையாது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 20ஏ பிரிவு 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர் படிவம் 6ஏ நிரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியின் வாக்குச்சாவடிப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்காளர் அடையாள அட்டை தரமாட்டார்கள். வாக்களிக்க வேண்டுமானால் பாஸ்போர்ட்டோடு சாவடிக்கு நேரில் வர வேண்டும். துபாயில் விடுப்புக் கேட்டு, மதுரைக்கு விமானம் பிடித்து, போடிக்குப் பேருந்து ஏறி ஓட்டுப்போட எத்தனை பேரால் ஆகும்? 2024-இல் நாட்டில் பதிந்திருந்த 1,19,374 பேரில் வாக்களித்தவர் 2,958; அவர்களிலும் 2,670 பேர் கேரளத்தவர். பதிலி வாக்குக்கான மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. இணையவழிச் சீட்டை இவர்களுக்கும் தரலாம் என்று 2020-இல் தேர்தல் ஆணையம் அரசுக்கு எழுதியது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் ஒரே சட்டம் படைவீரருக்கும் அயல்வாழ் குடிமக்களுக்கும் தபால் வாக்கைத் தருகிறது. இரு வகையினரையும் பிரித்தது இந்தியா எடுத்த முடிவு. அதற்கு வலுவான காரணம் தெரியவில்லை.

மலைக்கு மேலே சிக்கல் வேறு. போடியிலிருந்து ஜீப்பில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பதிவில் குழப்பமில்லை. உடும்பன்சோலை, தேவிகுளம் பக்கம் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) தங்கி, திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருபவர் எந்தப் பட்டியலுக்கு உரியவர்? வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது 20-ஆவது பிரிவு. தற்காலிகமாக வெளியே போனதாலேயே அந்தத் தகுதியை இழக்கவும் மாட்டார் என்றும் அதுவே சொல்கிறது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ஏலமலைத் தொழிலாளர் பலருடைய வாக்கு நிற்கிறது. படைவீரருக்குத் தந்த விலக்கு அவர்களுக்கு இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பெயர் இருப்பதை 17-ஆவது பிரிவு தடுக்கிறது. பொய் உறுதிமொழிக்கு 31-ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. இரு மாநிலப் பட்டியலிலும் பெயர் வைத்து இரட்டை ஓட்டுப் போடுவதாக இடுக்கி, தேனி இரு பக்கத்துக் கட்சிகளும் தேர்தல்தோறும் புகார் சொல்வது வழக்கம். 2021-இல் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் வாக்களித்ததால் அதற்கு வாய்ப்பு குறைவு. 2024-இல் நாள்கள் வேறுபட்டன: தமிழ்நாடு ஏப்ரல் 19, கேரளம் ஏப்ரல் 26.

பணி ஓய்வுபெற்று வரும் வீரரும், நிரந்தரமாகத் திரும்பும் வெளிநாட்டு ஊழியரும் பழைய பதிவை நீக்கச் சொல்லி, படிவம் 6 கொடுத்துப் பொதுப் பட்டியலில் புதிதாகச் சேர வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் உள்ளன.