கார்புரேட்டர் முதல் இன்ஜெக்டர் வரை: நம் மலைப்பாதை வண்டிகளின் வரலாறு

 

"இன்ஜெக்டர் மாற்றத்தானே விட்டேன், பாஸ் ஏன் பாதி இன்ஜினைக் கழற்றி வைத்திருக்கிறார்?" கண்டிப் பக்க கராஜ்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

மொரிஸ் மைனர் காலத்து வண்டிகளில் கார்புரேட்டர் இருந்தது. இன்ஜின் இழுக்கும் காற்றே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் சரிசெய்யலாம். ஆனால் மலை ஏறினால் சிக்கல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும்.

1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பை வோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கடுமையாகி வந்த புகைக் கட்டுப்பாடே அதற்குத் தூண்டுதல். ஜப்பானியக் கம்பனிகளும் அவ்வழியே வந்தன. 1977இல் நம் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின் பெருகிய ரீகண்டிஷன் வண்டிகளோடு இன்ஜெக்டரும் இங்கு வந்து சேர்ந்தது. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை அதன் அவசியத்தை எல்லோருக்கும் உணர்த்தியது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுப்பது இன்டேக் மேனிபோல்ட். பல இன்ஜின்களில் இன்ஜெக்டர்கள் அதற்கு அடியில் மறைந்திருக்கும். அதைக் கழற்றாமல் கை போகாது. முதலில் பெட்ரோல் அழுத்தத்தை இறக்கி, பெட்டரி வயரைக் கழற்ற வேண்டும். குழாய்களுக்கு அடையாளம் இட வேண்டும். திறந்த துவாரங்களைச் சுத்தமான துணியால் மூட வேண்டும். உள்ளே ஒரு நட்டு விழுந்தால் இன்ஜினே போய்விடும். திரும்பப் பூட்டும்போது புதிய கேஸ்கட், புதிய ரப்பர் வளையங்கள் போட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்க வேண்டும். பழைய கேஸ்கட்டையே போட்டால் காற்று கசிந்து இன்ஜின் ஆட்டம் கொடுக்கும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய். அந்த வருடங்களில் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் பழைய வண்டிகளை ஓட வைத்தது நம் கராஜ் பாஸ்மார்களின் கைகள்தான்.

இ.போ.ச. 1958இல் உருவானபோது பஸ்களைப் பராமரிக்கத் தேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதனால் 1959இல் ஜேர்மன் டெக் பிறந்தது. கைத்தொழிலுக்கும் படிப்பு வேண்டும் என்று நாடு அன்றே புரிந்துகொண்டது. நாம்தான் இன்னும் "படிப்பு வராத பிள்ளை கராஜுக்குப் போகட்டும்" என்கிறோம். இன்றைய இன்ஜெக்டர் வேலைக்கு விஞ்ஞானமும் கணிதமும் தெரிய வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளையை ஓ.எல். முடித்த பின் முறையான தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். அது தோற்றவன் போகும் இடமல்ல.