பனிச்சரிவு: தீவக மக்கள் அறியவேண்டிய மலை ஆபத்து

நெடுந்தீவில் மலையுமில்லை, வெண்பனியுமில்லை. முருகைக்கல்லாலான தட்டையான தீவு அது. சோளகமும் வாடையும் வீசுங் காலங்களில் எப்போது படகிறக்கலாம், எப்போது கரையில் நிற்கவேண்டும் என்பதை அங்குள்ள கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்துள்ளனர். ஆயினும் தீவகத்திலிருந்து புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் இன்று சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா ஆகிய நாடுகளின் பனிமலைகளுக்கு அருகில் வாழ்கின்றனர். கடலைப் போன்றே பனியையும் கணித்தறிய வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருத்தல் அவசியமாகும்.

குளிர்காலத்தில் ஒவ்வொரு பனிப்பொழிவும் மலைச்சரிவில் ஒரு படையாகப் படிகிறது. எல்லாப் படைகளும் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதில்லை. அடியிலுள்ள படை சீனியைப் போல உதிரியாகிவிட, காற்று அள்ளிவந்த பனி அதன்மேல் பாளமாக இறுகி நிற்கும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவருடைய பாரமே அந்த நலிந்த படையை நொறுக்கிப் பாளம் முழுவதையும் சரியச் செய்யப் போதுமானது. மலைகளுக்குப் பொழுதுபோக்காகச் சென்று சிக்குவோரிற் பெரும்பாலானோர், தாமோ தம்முடன் வந்தோரோ தூண்டிய சரிவிலேயே அகப்படுகின்றனர்.

பலத்த காற்றுடன் பொழிந்த புதுப்பனி, திடீர் வெப்ப உயர்வு, அயலிற் புதிதாக நிகழ்ந்த சரிவுகள், காலடியிலிருந்து ஓடும் வெடிப்புகள், பனிக்குள் எழும் பொள்ளலான ஓசை என்பன முன்னறிகுறிகளாகும். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் ஆபத்து நிலையை 5 படிகளில் அறிவிக்கிறது. மூன்றாம் படி நடுத்தரமானதென எண்ணுவது தவறு. உயிரிழப்புகளிற் பெரும்பகுதி அந்நிலையிலேயே நிகழ்கிறது.

பனியிற் புதையுண்டவர் பெரும்பாலும் மூச்சடைத்தே இறக்கிறார். முதற் கால் மணி நேரம் கடந்தபின் உயிர்பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறைகிறது. எனவே உடன்சென்றோரே அவரை மீட்கவேண்டும். அதற்கு இடங்காட்டும் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகியன ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும்.

பயிற்சி பெற்ற படையினரும் பனிச்சரிவுக்குத் தப்புவதில்லை. சியாச்சின் பகுதியில் 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி முகாமில் பாகிஸ்தான் தரப்பில் 140 பேர் புதையுண்டு மாண்டனர். 2016 பெப்ரவரி 3 அன்று இந்தியத் தரப்பில் மதராஸ் ரெஜிமெண்டின் 10 வீரர்கள் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழகத்தவர். ஆறு நாட்களின் பின் உயிருடன் மீட்கப்பட்ட ஒருவரும் பெப்ரவரி 11 அன்று உயிரிழந்தார். எல்லையின் இரு புறத்தையும் பனி வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

கடல் கொந்தளிக்கும் நாளில் குறிகாட்டுவானில் படகேறாமல் திரும்பியவரை எவரும் கோழையென்று சொல்வதில்லை. மலைக்குப் புறப்படும் பிள்ளையிடம், 'இன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்தாயா?' என்று பெற்றோர் கேட்கட்டும். திரும்பி வருவதும் ஓர் அறிவே என்பதைத் தீவக மக்களைவிட நன்கறிந்தவர் யார்?