பசுமை வளையம் (இங்கிலாந்து)

இங்கிலாந்தின் பெருநகரங்களைச் சுற்றியுள்ள வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், காடுகள் ஆகியவற்றில் புதிய கட்டடங்கள் பெருகாதபடி திட்டமிடல் விதிகளால் காக்கப்படும் நிலப்பரப்பு பசுமை வளையம் எனப்படுகிறது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 16,000 சதுர கிலோமீட்டர், இதில் அடங்கும். இவற்றுள் மிகப் பெரியது லண்டனைச் சூழ்ந்த வளையம். பசுமை வளையம் வனவிலங்குச் சரணாலயமோ பொதுப் பூங்காவோ அன்று. பெரும்பகுதி தனியார் விவசாய நிலமே. நிலம் கட்டடமின்றித் திறந்த வெளியாக இருப்பதே இங்கு காக்கப்படுகிறது.

முன்னோடிகள்

லண்டன் நகர வாயில்களிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள் புதிய வீடுகள் கட்டக் கூடாது என்று முதலாம் எலிசபெத் அரசி 1580இல் ஆணையிட்டார். நகரம் அதற்குக் கட்டுப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆக்டேவியா ஹில் என்ற சமூகப் பணியாளர், நெரிசலான குடியிருப்புகளில் வாழும் ஏழைகளுக்கும் திறந்த வெளி வேண்டும் என்று வாதாடினார். லண்டனின் சுவிஸ் காட்டேஜ் வயல்களை விலைக்கு வாங்கிக் காக்க 1875இல் அவர் எடுத்த முயற்சி தோற்றது. அங்கே வீடுகள் எழுந்தன. 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1898இல் எபனேசர் ஹோவர்ட், விளைநிலங்கள் சூழ்ந்த அளவான ‘தோட்ட நகரம்’ என்ற கருத்தை முன்வைத்தார். அதன்படி 1903இல் லெட்ச்வொர்த் நகரம் தொடங்கப்பட்டது.

ஷெஃபீல்டின் போராட்டம்

முதல் உலகப் போருக்குப் பின் ரயிலும் பேருந்தும் சென்ற இடமெல்லாம் புறநகர்கள் முளைத்தன. நெடுஞ்சாலைகளின் இருபுறமும் வீடுகள் வரிசையாக நீண்டு, ஊரையும் ஊரையும் ஒட்டவைத்தன. எஃகுத் தொழில் நகரமான ஷெஃபீல்டில், போரில் கணவரை இழந்த எத்தெல் என்ற இளம்பெண் (பின்னாளில் எத்தெல் ஹேதார்ன்த்வைட்) 1924இல் உள்ளூர் நிலக்காட்சிகளைக் காக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நகரை அடுத்த லாங்ஷா எஸ்டேட் நிலம் விற்பனைக்கு வந்தபோது, சங்கம் மக்களிடம் நன்கொடை திரட்டி அதை வாங்க உதவியது. 1931இல் அந்நிலம் நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த உழைப்பின் பயனாக 1938இல் ஷெஃபீல்டுக்கு ஒரு தற்காலிகப் பசுமை வளையமும் வரையறுக்கப்பட்டது. ஆலைப் புகையில் உழைத்தவர்கள் விடுமுறை நாளில் நடந்தே போய்ச் சேரக்கூடிய மேட்டுநிலங்கள் இன்றும் அந்நகரின் விளிம்பில் இருப்பதற்கு இவர்களுடைய விடாமுயற்சி ஒரு முக்கியக் காரணம்.

விலையிலிருந்து விதிக்கு

நிலத்தைக் காக்க வேண்டுமானால் அதை வாங்கியாக வேண்டும் என்பதே தொடக்ககால இயக்கங்களின் பெரும் சுமை. ஹெர்பர்ட் மாரிசன் தலைமையிலான லண்டன் மாநகர ஆட்சிமன்றம், அண்டைப் பகுதிகளின் மன்றங்கள் நிலம் வாங்க 1935இல் 20 லட்சம் பவுன் ஒதுக்கியது. இப்படி வாங்கிய நிலங்களுக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. 1944இல் பேட்ரிக் அபர்குரோம்பி வகுத்த பெருலண்டன் திட்டம், நகரைச் சுற்றி ஓர் அகன்ற வளையத்தையும் அதற்கப்பால் புதிய நகரங்களையும் பரிந்துரைத்தது.

உண்மையான திருப்பம் 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம். அதன்பின் தன் நிலத்தில் கட்டுவதற்கும் உரிமையாளர் அனுமதி பெற வேண்டியிருந்தது; அனுமதியை மறுக்கும் மன்றம் பொதுவாக இழப்பீடு தர வேண்டியதில்லை. வாங்காமலே காக்கும் வழி பிறந்தது. 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ், மற்ற நகரங்களின் மன்றங்களும் வளையம் அமைக்கலாம் என்று சுற்றறிக்கை விடுத்தார்.

ஐந்து நோக்கங்கள்

நகரம் கட்டுப்பாடின்றிப் பரவுவதைத் தடுத்தல், அண்டை ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்தல், வரலாற்று நகரங்களின் தன்மையைப் பேணுதல் ஆகிய மூன்றும் 1955இலேயே கூறப்பட்டவை. ஊர்ப்புற நிலத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காத்தல், நகருக்குள் பாழடைந்த இடங்களின் மறுசீரமைப்பை ஊக்குவித்தல் ஆகிய இரண்டும் பின்னர் சேர்ந்தன. 2012இல் வெளியான தேசியத் திட்டமிடல் கொள்கை ஐந்தையும் ஏற்றது.

இன்றைய விவாதம்

வளையம் வீட்டுமனைகளைக் குறைத்து விலையை உயர்த்துகிறது, வேலைக்குச் செல்வோரை வளையத்துக்கு அப்பாலிருந்து நெடுந்தொலைவு பயணிக்க வைக்கிறது என்பவை அதன்மேல் வைக்கப்படும் முதன்மையான குறைகள். வீட்டுத் தேவை உண்மையானது. அதைப் புறந்தள்ள முடியாது. 15 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்ட அரசு, 2024 டிசம்பரில் ‘சாம்பல் வளையம்’ என்ற புதிய வகையை அறிமுகப்படுத்தியது. முன்பே கட்டடம் எழுந்த இடங்களிலும் பிற நிலங்களிலும், வளையத்தின் நோக்கங்களுக்குப் பெரிதும் உதவாதவை எனக் கருதப்படுபவை இதில் அடங்கும். ஆனால் நிலம் நோக்கங்களுக்கு உதவுகிறதா என்ற இந்தச் சோதனையில் எண்ணப்படுவது 1955ஆம் ஆண்டின் மூன்று நோக்கங்கள் மட்டுமே. ஊர்ப்புற நிலத்தைக் காத்தல் அதில் இடம்பெறவில்லை. ஹேதார்ன்த்வைட் முதன்மையாகப் போராடியது அதற்காகத்தான். நகரத்துக்குள் கைவிடப்பட்ட மனைகளை முதலில் நிரப்புவதே நேர்மையான வரிசை. ஏனெனில் வீடு கட்டப்பட்ட வயல் மீண்டும் வயலாவது மிக அரிது.