அஞ்ஞானப் பெயரும் ஞானப் பெயரும்

பிறந்த குழந்தைக்குப் பெயரிடுதல் பெற்றோர்க்குரிய முதற் கடமைகளுள் ஒன்று. நம் தமிழ் மக்களிடையே, தோட்டத்து லயத்திலாயினும் பட்டினத்து மாடியிலாயினும், அஃது ஒரு விழாவாகவே நடைபெறுகின்றது. ஆயின் அவ்விழாவே சிற்சில குடும்பங்களில் ஒரு வழக்காடு மன்றமாக மாறிவிடுவதையும் நாம் அறிவோம். கிறிஸ்தவப் பெற்றோர் தம் மகவுக்கு அன்பழகன் என்றோ பூங்கொடி என்றோ பெயரிட விரும்பின், “அஃது அஞ்ஞானப் பெயராயிற்றே!” என்று முகஞ்சுளிக்கும் முதியோர் உளர். மற்றொரு புறத்தில், அந்தோணி என்றும் மரியாள் என்றும் ஒருவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், “இவர் நம்மவரல்லர், மதத்தோடு மொழியையும் விட்டவர்” என்று இகழும் தமிழரும் உளர்.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் பகைப்பினும் ஒரே எண்ணத்தின்மீதே நிற்கின்றனர். கிறிஸ்தவப் பெயரென்பது கிறிஸ்து மார்க்கத்தோடு பிறந்த ஒரு தனியினம் என்பதே அவ்வெண்ணம். அது சரித்திரத்தின் முன் நிற்கவல்லதா என்று ஆராய்வதே நம் நோக்கம். எம்மதத்தாரையும் புண்படுத்துவது நம் கருத்தன்று. உண்மை எதுவோ அதுவே எல்லோர்க்கும் பொது.

முதற் சபையோரின் பெயர்கள்

வேதாகமத்தையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். பவுல் அப்போஸ்தலர் உரோமாபுரியிலிருந்த சபையார்க்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில், பலர்க்கும் பெயர் சொல்லி வாழ்த்துரைக்கின்றார். அந்நிருபத்திற்றானே அவர் மிகப் புகழ்ந்து பேசும் பெபேயாள் என்னும் அம்மையாரின் பெயர், கிரேக்கர் சந்திர தேவதைக்கு வழங்கிய பெயர். எர்மே என்பவர் பெயர், தேவர்களின் தூதனாகக் கிரேக்கர் கொண்டாடிய தெய்வத்தின் பெயரேயாம். நேரேயா என்பது கடல் தெய்வத்தின் பெயர். ஒலிம்பா என்பது அத்தேவர்கள் வீற்றிருப்பதாகச் சொல்லப்பட்ட மலையை நினைவூட்டுவது.

இன்னுங் கேண்மின். சபைகளில் பெரும் பேச்சாளராய் விளங்கிய அப்பொல்லோவின் பெயர் அப்பல்லோ தேவனைச் சார்ந்தது. பவுலின் உடனுழைப்பாளரான எப்பாப்பிரோதீத்துவின் பெயர் காதற் கடவுளாகிய அப்பிரோதித்தி என்பவளின் அருள்பெற்றவன் என்னும் பொருளது. தேமேத்திரியு என்பது பயிர்த் தெய்வத்திற்குரியவன் எனப் பொருள்படும். அத்தேனே பட்டினத்தில் மனந்திரும்பிய தியொனீசியு, மதுத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியவர். இவருள் ஒருவரையேனும், “நின் பெயரை விட்டொழி” என்று பவுல் பணித்ததாக எவ்விடத்தும் காண்கிலோம்.

“சவுல் என்பவரே பவுலாக மாறவில்லையா?” என்று சிலர் வினவக்கூடும். அப்போஸ்தலர் நடபடிகளைக் கருத்தூன்றிப் படிப்பார்க்கு விடை எளிது. அவர் மனந்திரும்பிய செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் உளது. பவுல் என்னும் பெயரோ பதின்மூன்றாம் அதிகாரத்திற்றான் முதன்முதல் வருகின்றது. அங்கும் ‘பவுல் என்றும் சொல்லப்பட்டவர்’ என்றே குறிக்கப்படுகின்றார். யூதரிடையே ஒரு பெயரும் உரோமரிடையே மற்றொரு பெயருமாக இரண்டும் அவர்க்கு வழங்கின என்பதே அறிஞர் கொள்கை. பவுல் என்பது உரோமக் குடும்பப் பெயர். ‘சிறியவன்’ என்பது அதன் பொருள். நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றழைத்த நுட்பம் இதுவே.

இதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. இயேசு என்னுந் திருநாமமே யோசுவா என்னும் பழைய எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம். அக்காலத்து யூதருள் அப்பெயருடையார் பலர் இருந்தமையை யோசேபஸ் என்னும் யூத சரித்திராசிரியரின் நூல்களிற் காணலாம். மரியாள் என்பதோ மோசேயின் தமக்கையாகிய மிரியாமின் பெயர். ஏரோது அரசன் மணந்து, பின் கி.மு. 29-இல் கொல்வித்த அரசியின் பெயரும் அதுவே. மார்க்கத்தை நிறுவியவரும் அவர்தம் அன்னையாரும் தம் குலத்தார் வழங்கிய பழம் பெயர்களையே தாங்கினர் என்றால், ஏனையோரைப் பற்றிப் பேசவும் வேண்டுமோ?

பெயர் மாறத் தொடங்கிய காலம்

மூன்று நூற்றாண்டுகள்வரை கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் தத்தம் நாட்டுப் பெயர்களையே இட்டு வழங்கினர். 256-ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரிற் கூடிய 87 ஆயர்களின் பெயர்வரிசை இன்றும் கிடைக்கின்றது. பீலிக்ஸ், பார்த்துனாத்து, சத்துர்நீனு, சனுவாரியு என்றிவ்வாறு உரோமப் பெயர்களே அதில் மலிந்துள்ளன. சத்துர்நீனு என்பது சனித் தெய்வத்தையும், சனுவாரியு என்பது வாயிற்காவற் தெய்வத்தையும் சார்ந்த பெயர்கள். ஆயின் ஏறத்தாழ அதே காலத்தில், விசுவாசிகளின் பிள்ளைகள் பலர்க்குப் பேதுரு, பவுல் என்னும் பெயர்கள் இடப்படுவதாக அலெக்சாந்திரியா நகரத்து ஆயர் குறித்துள்ளார். அவர் பெயர் யாது? தியொனீசியு! மதுத் தெய்வத்தின் பெயரே.

பெயரை மாற்றிக்கொண்டோரும் இல்லாமற் போகவில்லை. 310-ஆம் ஆண்டளவில், செசரியா பட்டினத்தில் எகிப்தியக் கிறிஸ்தவர் ஐவர் நீதிபதிமுன் நிறுத்தப்பட்டனர். பெயர் வினவியபோது, தந்தையர் இட்ட விக்கிரகப் பெயர்களை விடுத்து, எலியா, எரேமியா, ஏசாயா, சாமுவேல், தானியேல் என்று தீர்க்கதரிசிகளின் பெயர்களைச் சொல்லினர். ஊர் எது என்றதற்கு எருசலேம் என்றனர். அவர் கருதியது விண்ணக நகரை. உரோமர் அந்நகர்க்கு வேறு பெயரிட்டுவிட்டமையால், நீதிபதி அஃது எங்குளதென்று அறியாது, கிறிஸ்தவர்கள் தமக்கெதிராக ஏதோ ஒரு கோட்டை எழுப்பியுள்ளனரென்று அஞ்சிச் சித்திரவதை செய்வித்தான். ஐவரும் உயிர் நீத்தனர். இச்செய்தியை யூசேபியு என்னும் ஆசிரியர் எழுதிவைத்துள்ளார். தாமே உவந்து, உயிரையும் பணயமாக வைத்துப் பெயர் மாற்றிய அவ்வீரரை நாம் வணங்குகின்றோம். ஆயின் பிறர் மாற்றவேண்டுமென்று அவர்கள் கட்டளையிட்டாரல்லர் என்பதையும் மறத்தலாகாது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்னும் நாவன்மை மிக்க பெரியார் தம் மக்களின் வழக்கமொன்றைக் கடிந்து பேசினார். குழந்தைக்குப் பெயரிடுங்கால், பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, எது நெடுநேரம் எரிகின்றதோ அதன் பெயரையே பிள்ளைக்கு இடுவராம். பிள்ளை நீண்டகாலம் வாழும் என்பது நம்பிக்கை. அதனை விடுத்து, நீதிமான்களின் பெயரை இடுங்கள் என்றார் அவர். மூடவழக்கத்தினின்று மக்களை மீட்பதே அவர் விரும்பியது. இன்று நற்பெயரையே மூடவழக்கமாக்கிக் கொண்டவர்கள் இதனைச் சிந்திப்பாராக.

533-ஆம் ஆண்டு உரோமையின் பாப்பாண்டவராகத் தெரிந்தெடுக்கப்பட்ட மெர்க்குரியு என்பவர், வணிகத் தெய்வத்தின் பெயரோடு அப்பீடத்தில் அமர்தல் தகாதென்றெண்ணி, இரண்டாம் யோவான் எனப் பெயர் பூண்டார். ஆயின் அவர் பதவியேற்கும்வரை அப்பெயரோடே குருத்தொண்டு புரிந்துவந்தார் என்பதே நாம் கருதத்தக்கது. அவர்க்குப் பின்னும், செவில் நகரத்துப் பேரறிஞரான புனித இசிதோரின் பெயர் எகிப்திய தேவதையாகிய ஐசிஸ் தந்த கொடை என்றே பொருள்பட்டது. அவர் 636-இல் மறைந்தார்; பெயரால் அவர் புனிதத்திற்குக் குறைவொன்றும் நேரவில்லை.

ஐரோப்பாவின் வடபுலத்தில்

தெற்கே நிகழ்ந்ததே வடக்கேயும் நிகழ்ந்தது. ஐஸ்லாந்து தேசத்தார் 1000-ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவராயினர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்த ஆயர் ஒருவர், வாரநாட்களின் பெயர்களிலிருந்த பழந்தெய்வங்களை நீக்கிவிட்டார் என்று அந்நாட்டு மரபு கூறும். இன்றும் அந்நாட்டார் சில கிழமைகளை மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்றே எண்ணிச் சொல்கின்றனர். ஆயின் மக்களின் பெயர்களிலிருந்த இடித் தெய்வமாகிய தோர் அசையவில்லை. அந்நாட்டின் காவற் புனிதராகிய ஆயர் தோர்லாக் (1133–1193) அத்தெய்வத்தின் பெயரோடே பிறந்து, அப்பெயரோடே புனிதரானார்.

கீவ் நகரைத் தலைநகராகக் கொண்ட ருஸ் நாட்டின் அரசர் விளாதிமிர் 988-இல் ஞானஸ்நானம் பெற்று, பசீலியு என்னும் பெயரேற்றார். அவர்தம் மைந்தர் இருவர்க்கு இட்ட ஞானஸ்நானப் பெயர்கள் உரோமான், தாவீது என்பன. 1015-இல் அரசுரிமைப் பூசலில் அவ்விருவரும் கொலையுண்டனர். மக்கள் அவரைப் புனிதராகப் போற்றினர். எப்பெயரால்? போரிஸ், கிலேப் என்னும் பழைய நாட்டுப் பெயர்களால்! அதன்பின் அப்பெயர்களே கிறிஸ்தவப் பெயர்களாகிவிட்டன. பெயர் மனிதனைப் புனிதனாக்கவில்லை. மனிதனே பெயரைப் புனிதமாக்கினான்.

நம்மவர் வாயில் வழங்கும் பெயர்கள்

இனி நம் வீடுகளிலும் தோட்டங்களிலும் வழங்கும் பெயர்களை நோக்குவோம். அந்தோணி என்பது பழைய உரோமக் குடிப்பெயர்; கிளியோபாத்திராவின் காதலனாய்க் கி.மு. 30-இல் மாண்ட மார்க் அந்தோணி அக்குடியினனே. பதுவைப் புனித அந்தோணியாரின் முதற்பெயர் பெர்னாந்து. அஃது ஐரோப்பியக் காட்டுக்குடியினரின் மொழிச்சொல். மார்ட்டின் என்பது செவ்வாயாகிய போர்த் தெய்வத்தைச் சார்ந்தது. பிலிப்பு என்பது குதிரைகளை நேசிப்பவன். மகா அலெக்சாந்தரின் தந்தைக்கு அப்பெயரே. ஜார்ஜ் என்று மன்னர் அறுவர் முடிசூடிய பெயரின் பொருள் யாதென்று அறிவீரோ? உழவன் என்பதே! நிலத்தில் வியர்வை சிந்தும் நம் தோழர்க்கன்றோ அப்பெயர் முற்றும் பொருந்தும்! சூசன்னா என்னும் பெயரின் வேர் எகிப்தியரின் தாமரைச் சொல்லாகும். பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வியும் இவளும் பெயரளவில் உடன்பிறந்தாரே.

சவரிமுத்து என்னும் பெயர்க்கு மூலமான சவேரியார் நம் மலாக்காக் குன்றின்மேல் சில மாதம் துயின்றவர். 1552-இல் சீனக் கரையருகே மறைந்த அவர் உடல், 1553-இல் ஈங்குக் கொணர்ந்து புதைக்கப்பட்டுப் பின் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. சேவியர் என்பது அவர் பிறந்த மாளிகையின் பெயர். பாஸ்க் மொழியில் அதற்குப் ‘புது வீடு’ என்பதே பொருள்.

யோவான் என்னும் பெயரோ ‘கர்த்தர் அருளினார்’ எனப் பொருள்படும் எபிரேயச் சொல். உரோமரை நடுங்கவைத்த அன்னிபால் என்பவனின் பெயரும் அதே வேர்ச்சொல்லிற் பிறந்தது. ‘பாகால் அருளினான்’ என்பது அதன் பொருள். அருள் ஒன்றே, அருள்பவனுக்கு இட்ட பெயர் மட்டும் வேறு. இதனை நன்குணர்ந்தே நம் முன்னோர் யோவானை அருளப்பன் என்றனர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், பெருகச் செய்வான் எனப் பொருள்படும் யோசேப்பு என்னும் பெயரை வளன் என்று தமிழாக்கினார். யோவானைக் கருணையன் என்றார். இத்தாலியில் பிறந்த துறவிக்குத் தமிழ்ப் பெயர் அஞ்ஞானமாகத் தோன்றவில்லை. தமிழ் வயிற்றில் பிறந்த நமக்கு மட்டும் அது தோன்றுவானேன்?

1858-இல் கிறிஸ்தவரான கிருஷ்ணபிள்ளை என்னும் புலவர்பெருமானை நினைமின். ஞானஸ்நானத்தின்போது அவர்க்கு ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்கள் இடப்பட்டன. ஆல்பிரட் என்பதில் உள்ளது ஆங்கில நாட்டுப் பழங்குடியினர் நம்பிய வனதேவதை! ஆங்கிலேயரின் வனதேவதை ஞானப் பெயராக நுழைந்தது. எனினும் புலவர் கிருஷ்ணன் என்னும் பெயரையும் விட்டாரல்லர். அப்பெயரோடே இரட்சணிய யாத்திரிகம் இயற்றி, தமிழ்க் கிறிஸ்தவர் நெஞ்சில் நிலைத்தார்.

எதனை விடுவது? எதனைக் கொள்வது?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதி, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைக் குருவானவர் கவனிக்கவேண்டுமென்றது. பெற்றோர் இசையாவிடின் ஒரு புனிதர் பெயரையுஞ் சேர்த்து இரண்டையும் பதியச் சொன்னது. 1983-ஆம் ஆண்டுச் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை இடாதிருத்தலே போதுமென்றது. அன்பும் அறிவும் அழகும் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாதனவோ? ஆகவே அன்பழகனைத் தடுப்பது திருச்சபையன்று, நம்மவரின் பழக்கமே.

பெயர் மாற்றினோரை இகழும் ஏனைய தமிழர்க்கும் நாம் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். நம் நாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களை இழிபெயரிட்டு அழைத்து மகிழ்ந்தோர் யாவர்? பிறவியின் பெயரால் மனிதனைப் புழுவாக நடத்திய காலத்தில், ஞானமுத்து என்றும் தேவசகாயம் என்றும் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைத்தபோது, அதனை அவர்கள் இருகையேந்தி ஏற்றதில் வியப்பென்ன? அங்ஙனம் பெற்ற பெயர் தன்மானத்தின் சின்னம். அதனை இகழ்வோர் முதலில் தம் முன்னோர் செய்கைக்கு நாணுவாராக.

1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டர், இலாசரு என்னும் பெயரின் தமிழாக்கமாகிய தேவசகாயம் என்னும் பெயரை ஏற்றார். 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டிறந்தார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் அவர்க்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, அவர் பெயரின் இறுதியில் ஒட்டியிருந்த சாதிப் பட்டம் விலக்கப்பட்டது. தேவசகாயம் என்னும் தமிழ்ப் பெயர் அவ்வாறே நின்றது. விடவேண்டியது எது, கொள்ளவேண்டியது எது என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டுமோ?

நேயர்களே! எபிரேயரும் கிரேக்கரும் உரோமரும் ஐஸ்லாந்தாரும் தத்தம் மொழிப் பெயரோடே தம் கடவுளை வழிபட்டனர். அவர்க்கில்லாத குற்றம் தமிழர்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது? மரியாள் என்று இட விரும்புவோர் மகிழ்ந்து இடுக. மலர்விழி என்று இட விரும்புவோரும் அச்சமின்றி இடுக. அந்தோணியும் அறிவழகனும் ஒரே நிரையில் பால் மரம் சீவுகின்றனர்; ஒரே பள்ளியில் அவர்தம் மக்கள் தமிழ் பயில்கின்றனர். பெயரைக் கேட்டு உறவை அறுப்பதை விடுத்து, சாதிவாலை அறுக்க முன்வருவோமாயின், நம் பிள்ளைகள் எப்பெயரோடும் நிமிர்ந்து நிற்பர்.