கோழிக்கு உமி மெத்தை

திருவொற்றியூரில் எங்கள் ஆயா கோழிக்குப் பரப்பும் கூளத்துக்கென்று பெரிதாகச் செலவழித்ததில்லை. செங்குன்றம் அரிசி ஆலை உமி, ராயபுரத்து மரப்பட்டறையின் இழைப்புச் சுருள், கிடைத்தால் கடலைத் தோல். நைஸான மரத்தூளை மட்டும் தொடமாட்டார். குஞ்சு அதைத் தீனியென்று கொத்தித் தின்னும்.

ஐப்பசி மழையில்தான் அவஸ்தை. கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து கூளம் அடைகட்டும், அமோனியா கண்ணை எரிக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்குவார். கட்டியாக நின்றால் கிளறிச் சுண்ணாம்பு தூவுவார், உதிர்ந்தால் விட்டுவிடுவார். மொத்தமாக வாரமாட்டார், மேலேயே புதிது போடுவார். சோம்பல் என்று அம்மா முணுமுணுப்பாள்.

சோம்பலில்லை. அமெரிக்காவின் ஒஹையோ ஆய்வு நிலையத்தில் 1940களில் கென்னார்டும் சேம்பர்லினும் இதைத்தான் சோதித்தார்கள். பழங்கூளத்தில் வளர்ந்த கோழிகள் மாமிசப் புரதமில்லாத தீனியிலும் தேறின. கூளத்து நுண்ணுயிர்கள் தரும் பி12 அதற்கு ஒரு காரணம். அந்த வைட்டமினைப் பிரித்தெடுத்ததே 1948இல்தான்.

இன்று நாமக்கல் முட்டைக்கோழி கூளத்தை விட்டுக் கூண்டேறிவிட்டது. பல்லடத்துக் கறிக்கோழி இன்னும் தேங்காய் நார்க்கழிவில் நிற்கிறது. உமிக்கு இப்போது செங்கல் சூளையும் பாய்லரும் போட்டி. சும்மா யாரும் தருவதில்லை.