சந்திர சூரியர் உள்ளவரை..

திருப்பரங்குன்றம்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது முருகன் - தெய்வானை கல்யாணம்தான். முகூர்த்த நாள்ல கோயில் வாசல்ல மாலையும் கழுத்துமா நிக்கிற ஜோடிகளை எண்ணி மாளாது. எனக்கு இந்த ஊர்ல கல்வெட்டும் பிடிக்கும். இங்குள்ள குடைவரைக் கல்வெட்டில் கலியுகம் 3874 என்று ஆண்டு இருக்கிறது. அதாவது கி.பி. 773, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம்.

கல்வெட்டுப் பைத்தியங்களுக்கு 'சந்திராதித்தவல்' என்ற சொல் நல்லாவே தெரியும். ஒரு ராஜா நிலமோ விளக்குக்கு ஆடோ தானம் கொடுத்தா, அது சந்திரனும் சூரியனும் இருக்கிற வரைக்கும் செல்லும்னு அர்த்தம். பிற்காலக் கல்வெட்டுகளில் கடைசியில் ஒரு சாபமும் இருக்கும். இந்த தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்!

இதே சந்திர சூரியர் பைபிளிலும் வர்றாங்க. எரேமியா புத்தகம் 31, 33ம் அதிகாரங்களில், சூரிய சந்திர ஒழுங்கும், பகலும் இரவும் மாறி மாறி வருவதும் எப்போ நிற்குமோ, அப்போதான் தன் வாக்கும் நிற்கும் என்று கடவுள் சொல்வதாக வருகிறது. சாபமும் உண்டு. உபாகமம் 28 முழுக்க ஆசீர்வாதமும் சாபமும்தான். பழைய ஹிட்டைட் பேரரசர்கள் சிற்றரசர்களோடு போட்ட ஒப்பந்தங்களும் ஏறக்குறைய இதே அமைப்புதான் என்று ஜார்ஜ் மெண்டன்ஹால் என்ற அமெரிக்க அறிஞர் 1954ல் எழுதினார். ஆக, உடன்படிக்கை என்பது அந்தக் காலத்து அரசியல் பாஷை.

ஆனா ஆதியாகமம் 15ல ஒரு திருப்பம் இருக்கு. மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைப்பார்கள். ஒப்பந்தம் செய்பவர்கள் நடுவே நடந்து போகணும். 'வாக்கு மீறினா எனக்கும் இந்தக் கதிதான்'னு அர்த்தம். ஆபிரகாம் எல்லாத்தையும் தயார் பண்ணிட்டு அசந்து தூங்கிடுறார். புகைகிற சூளையும் எரிகிற தீப்பந்தமும் மட்டும் நடுவே கடந்து போகின்றன. அதாவது கடவுள் மட்டும்! கையெழுத்து ஒரு பக்கம்தான் விழுந்திருக்கு.

மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு இதுதான் தலைவலி. கி.மு. 3ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வேலையைத் தொடங்கிய யூதர்கள், இரு தரப்பு ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'சுந்தேகே' என்ற கிரேக்கச் சொல்லை விட்டுவிட்டு, உயில் என்றும் பொருள்படும் 'தியாதேகே'யை எடுத்தார்கள். தமிழில் என்ன ஆச்சு? 1871ல் வந்த ஐக்கியத் திருப்புதலை எடுத்துப் பாருங்கள். அட்டையில் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. உள்ளே உடன்படிக்கை. எபிரெயர் 9ல் மரணசாசனம். ஒரே கருத்துக்கு மூணு வார்த்தை. உடன்படிக்கைக்கு ரெண்டு பேர் வேணும். ஏற்பாட்டை ஒருத்தரே செய்யலாம். சாசனம்? நம்ம கல்வெட்டேதான்.

இந்தக் கருத்து நம்ம ஊருக்கு வந்த வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கு. திருப்பரங்குன்றத்திலிருந்து மதுரைக்குப் போற வழியில பசுமலை. 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், திருமங்கலத்தில் 1842ல் தொடங்கிய செமினரியை 1845ல் இங்கே மாற்றியது. 1881ல் இங்கே ஆரம்பித்த கல்லூரிதான் பிறகு அமெரிக்கன் கல்லூரி. மிஷனை அனுப்பியவர்களில் முக்கியமானவர்கள் மாசசூசெட்ஸ் பக்கத்து காங்கிரிகேஷனல் சபையார். 1629ல் சேலத்தில் (நம்ம மாங்காய் சேலம் இல்லீங்க :-) ) கூடியவர்களைப் போல, எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு சபை சேர்வது அவங்க வழக்கம்.

சரி, வாக்கு அப்படியே நின்னுச்சா? இங்கேதான் சிக்கல். கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை எருசலேமை அழித்தது. ஆலயம் போச்சு, தாவீதின் சிம்மாசனம் போச்சு. சங்கீதம் 89 முதலில் அந்த சிம்மாசனத்துக்கு சூரியனையும் சந்திரனையும் உவமையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் 'நீரே உடன்படிக்கையைத் தள்ளிட்டீரே'னு கடவுள்கிட்டயே சண்டை போடுது. எரேமியா சந்திர சூரியரைப் பற்றிப் பேசியதும் இதே இடிபாட்டுக் காலத்தில்தான். நம்ம பக்கமும் 1876-78ல் தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டியது. பஞ்சம் மதம் பாத்து வரல.

இதை யோசிக்கும்போது, 'காணிக்கை போட்டேன், வேலை கிடைச்சுது'ங்கிற சாட்சிகள் எல்லாம் எங்க கம்பெனி எஸ்.எல்.ஏ. மாதிரி தெரியுது. நாங்க இத்தனை சதவீதம் அப்டைம் தரணும், தவறினா அபராதம். இந்தக் கணக்குல போனா, வேலை போன அன்னிக்கு ரெண்டே முடிவுதான். ஒண்ணு கடவுள் ஏமாத்திட்டார், இல்லேன்னா உன் விசுவாசம் குறைச்சல். கஷ்டத்துல இருக்கிறவன்கிட்ட ரெண்டாவதைச் சொல்றது கொடுமைங்க.

ஆதியாகமம் 15 வேற கணக்கு சொல்லுது. பாரம் தூங்குறவன் மேல இல்லை, நடந்தவர் மேல. ஒழுங்கா வாழ வேண்டாம்னு அர்த்தம் இல்லை. உபாகமம் அதுக்குத்தான் இருக்கு. ஆனா மனுஷன் தவறினாலும் வாக்கு செத்துப் போகாது என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம். அந்த வாக்கு இயேசுவில் நிறைவேறியதாக அவர்கள் நம்புவதால்தான், திருவிருந்துக் கிண்ணத்துக்கும் புதிய உடன்படிக்கை என்றே பெயர்.

பாண்டியர் போனார்கள், நாயக்கர் போனார்கள். சந்திராதித்தவல் என்று வெட்டிக்கொடுத்த நிலங்களில் எத்தனையோ கைமாறிப் போச்சு. கொடுத்தவனே இல்லாதபோது கல் என்ன செய்யும்? சாசனத்தின் ஆயுள் கொடுத்தவரின் ஆயுள்தான். விசுவாசி கல்லை நம்பவில்லை. கொடுத்தவர் இன்னும் இருக்கிறார் என்று நம்புகிறார். அவ்வளவுதான் விஷயம்.