கப்பலில் அமுதசுரபி இல்லை

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் உங்கள் நினைவுக்கு வரும். அவற்றோடு மூன்றாவதாக அடுப்பையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பல சமயத்தார் அருகருகே வாழ்ந்த ஊர் காஞ்சி. பெரிய காஞ்சியில் சைவர்கள், சின்ன காஞ்சியில் வைணவர்கள், திருப்பருத்திக்குன்றம் என்னும் சினகாஞ்சியில் சமணர்கள். ஒரு காலத்தில் பௌத்தர்களும் இங்கே திரளாக இருந்தனர். ஒவ்வொரு சாராருக்கும் உண்பது எது, விலக்குவது எது என்ற நெறி உண்டு. சமணர் கிழங்கு வகைகளை விலக்குவர். கதிரவன் மறைந்தபின் உண்ணமாட்டார். பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் மிளகாய்க்கு இடமில்லை.

வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை நீங்கள் சுவைத்திருக்கலாம். அரிசியையும் உளுந்தையும் கரகரப்பாக அரைத்துப் புளிக்க வைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவற்றைச் சேர்த்து, மந்தார இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வந்த பின்னரே அது நம் நாட்டை எட்டியது. அது இல்லாத குறையை இந்த இட்லியை உண்பவர் எவரும் உணர்வதில்லை. காரத்துக்கு மிளகு இருக்கிறது. ஒன்றை விலக்கினால் அதன் வேலையைச் செய்ய இன்னொன்று வேண்டும். இதை ‘ஈடு’ என்று அழைப்போம். இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால், கப்பல் உணவின் வரலாறு முழுவதும் விளங்கும்.

ஊரில் இருக்கும்வரை ஈடு தேடுவது எளிது. ஒரு கடையில் இல்லாதது மறு கடையில் கிடைக்கும். கப்பல் கரையை விட்டு விலகியதும் நிலைமை மாறிவிடுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில், பசியால் வாடிய காஞ்சி மக்களுக்கு மணிமேகலை அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியிலிருந்து உணவளிக்கிறாள். கப்பலில் அப்படியொரு பாத்திரம் இல்லை. துறைமுகத்தில் ஏற்றியது எதுவோ, அதுவே அடுத்த துறைமுகம் வரை உணவு.

பாகியான் கண்ட நீர்ப் பங்கீடு

பல்லவர் காலத்தில் காஞ்சிக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்தது. இரண்டாம் நரசிம்மவர்மன் 720-இல் சீனத்துக்குத் தூது அனுப்பினான். அத்தகைய பயணங்களில் உணவு எவ்வாறு இருந்திருக்கும்? அதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இலங்கையிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி பாகியான் நமக்கு விடை தருகிறார்.

சாவகத் தீவுப் பக்கமிருந்து அவர் ஏறிய இரண்டாவது கப்பலில் இருநூறு பேர் இருந்தனர். ஐம்பது நாளுக்கு வேண்டிய உணவை ஏற்றியிருந்தனர். புயலில் சிக்கிய கப்பல் திசை தவறியது. எழுபது நாள் கடந்தும் கரை தெரியவில்லை. சமையலுக்குக் கடல்நீரையே பயன்படுத்தினர். நல்ல நீரை ஆளுக்குச் சிறிதளவாக அளந்து கொடுத்தனர்.

இதில் உள்ள இடரை எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகங்களால் அவ்வளவு செறிவாக உப்பை வெளியேற்ற இயலாது. உள்ளே சென்ற உப்பை நீக்க உடல் மேலும் நன்னீரைச் செலவிட வேண்டும். கடல்நீரில் வெந்த சோறு வயிற்றை நிரப்பும்; தாகத்தை வளர்க்கும். நன்னீர் அருகிய கப்பலில் எந்த உணவு நெறியானாலும் அதைக் காப்பது கடினம்.

காரணம் தெரியாத காலம்

நீர் போதுமான அளவு இருந்த கப்பல்களிலும் மாலுமிகள் மாண்டனர். ஐரோப்பியக் கப்பல்களில் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே மாதக்கணக்கில் உணவு. பசுமையான காயோ கனியோ இல்லை. ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய் அவர்களை வாட்டியது. 1747-இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அந்தப் பழங்களில் இருந்த வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்தை அறிய, உலகம் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரிசி உண்ணும் மக்களின் கப்பல்களுக்கு வேறொரு பகை இருந்தது. அதுவே பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்துபோகும் நோய் அது. சப்பானியக் கடற்படையின் ரியுஜோ கப்பல் 1882-ஆம் ஆண்டின் இறுதியில் நெடும்பயணம் புறப்பட்டது. தீட்டிய வெள்ளரிசிச் சோறே மாலுமிகளின் முதன்மை உணவு. 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி, 1884-இல் அதே வழியில் சென்ற சுக்குபா கப்பலில் இறைச்சி, கெட்டிப்பால் முதலியவற்றைச் சேர்த்து உணவை மாற்றினார். சிலருக்கே நோய் வந்தது, ஒருவரும் இறக்கவில்லை. நோயுற்றவர்கள் புதிய உணவு பிடிக்காமல் அதை முழுமையாக உண்ணாதவர்கள்.

புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று தகாகி கருதினார். அது தவறு. ஆயினும் அவர் செய்த மாற்றம் சரியாக அமைந்தது. ஆனால், இறைச்சியும் பாலும் வேண்டாம் என்றவர்களுக்கு என்ன ஈடு தருவது என்று அவரால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரிந்திருந்தால் அல்லவா ஈடு தெரியும்?

புழுங்கலரிசி தந்த விடை

அந்த விடை நம் வீட்டுப் பானையிலேயே இருந்தது. அது வெளிப்பட்ட கதையை அறிய, கடல் கடந்து சென்ற தமிழர்களைப் பின்தொடர வேண்டும்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911 வரை அங்குச் சென்ற இந்தியர் 1,52,000-க்கும் மேற்பட்டோர். காஞ்சிபுரத்தைத் தன்னுள் கொண்டிருந்த செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்தும், அடுத்துள்ள வட ஆர்க்காட்டிலிருந்தும் பலர் கப்பலேறினர். 1876-78-ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் எத்தனையோ குடும்பங்களை ஊரைவிட்டே துரத்தியிருந்தது.

இத்தகைய கப்பல்களில் அரிசி, பருப்பு, எண்ணெய் அல்லது நெய், உப்பு, புளி, மஞ்சள், மிளகாய், கருவாடு என்று ஆளுக்கு இவ்வளவு என அரசு விதி வகுத்திருந்தது. புயல் நாளில் அடுப்பு மூட்ட முடியாது என்பதால் அவலும் சர்க்கரையும் ரொட்டியும் தனியே வைக்கப்பட்டன. பட்டியல் ஓரளவு முறையாகவே இருந்தது. ஆனால் அதை வகுத்தவர் வேறு, உண்பவர் வேறு. ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைக்காதவர்கள் இங்கு ஒரே பெரும்பானையின் சோற்றுக்கு வரிசையில் நின்றனர். நெறியை விட்டுவிட்டோமே என்று வருந்தியவரும் இருந்திருப்பர். தீண்டாமையின் தளை அறுந்ததே என்று மூச்சுவிட்டவரும் இருந்திருப்பர். ஒரே பானை இருவருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

மலாயாவுக்கும் தமிழர்கள் இவ்வாறே சென்றனர். அங்கே மருத்துவர்கள் ஒரு புதிரைக் கண்டனர். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களைப் பெரிபெரி கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் அது அரிதாக இருந்தது. இருவருக்கும் சோறே உணவு. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். 1905-06-இல் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோயுற்று இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் ஏறத்தாழ இல்லை. தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத அந்த நோயாளிகள் மீது இப்படியொரு சோதனை செய்ய இன்றைய மருத்துவ அறம் இடந்தராது. அவர்கள் உயிரால் கிடைத்த அறிவு இது என்பதை மறக்கலாகாது.

நடந்தது இதுதான். நெல்லின் தவிட்டில் தயமின் என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடும். பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கும். இறைச்சியும் பாலும் தொடாதவருக்கும் ஈடு கிடைத்துவிட்டது. நெல் அவித்த நம் பாட்டிமார் தயமின் என்ற பெயரை அறியார். ஆனால், அவர்கள் அவித்த நெல் உயிர் காத்தது.

தனி அறையும் திறந்த தளமும்

வசதியோடு பயணம் செய்தவருக்கும் உணவு இடர் தந்ததுண்டு. 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பலேறிய காந்தி, சாப்பாட்டு மேசையில் இருப்பவற்றுள் எதில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் கூச்சப்பட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தம் அறையிலேயே உண்டு நாள் கழித்தார். சிறுவயதில் சிலகாலம் காஞ்சிபுரத்தில் பாட்டனார் வீட்டில் வளர்ந்த கணித மேதை இராமானுசன், 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பலில் ஏறினார். புலால் உண்ணாத அவர் இங்கிலாந்தில் தாமே சமைத்து உண்டார். அதே ஆண்டு மூண்ட முதல் உலகப் போர், வேண்டிய பொருள்களை அரிதாக்கியது.

பின்னர் வந்தவை நம் பெரியவர்கள் பலர் அறிந்த கப்பல்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டு ஓடிய ரஜூலா 1973 வரை பயணிகளைச் சுமந்தது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம், 1985-இல் நேர்ந்த தீவிபத்தோடு தன் பயணச் சேவையை முடித்துக்கொண்டது. இத்தடத்தில் மேல்தளப் பயணிகளாகச் சென்றவர்களில் சோற்றுமூட்டையும் ஊறுகாய்ச் சாடியும் இல்லாமல் கப்பலேறியவர் குறைவு. தம் ஈட்டைத் தாமே சுமந்து சென்றனர்.

இன்று நிலை வேறு. கடல்நீரைக் குடிநீராக்கும் பொறி கப்பலிலேயே இருக்கிறது. குளிர்பதனம் பசுங்காயை நாள்கணக்கில் காக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. இந்தியப் பயணிகளை ஏற்றும் இத்தகைய கப்பல்கள் பலவற்றில் சைவ உணவு மட்டுமின்றிச் சமணர் உணவும் தனியே கிடைக்கிறது. திருப்பருத்திக்குன்றத்து நெறி கடலிலும் காக்கப்படுகிறது!

ஆனால் புதியதொரு விலக்கும் சேர்ந்திருக்கிறது. நிலக்கடலை, கோதுமை, இறால் போன்றவை சிலர் உடலுக்கு ஒவ்வாதவை. நெறிக்காக விலக்குபவர் தட்டில் வேண்டாதது விழுந்தால் மனம் நோகும். ஒவ்வாமை உடையவர் தட்டில் ஒரு துளி நிலக்கடலை விழுந்தாலும் மூச்சே அடைத்துப்போகலாம். மருத்துவமனையோ கரையில் இருக்கிறது. அதனால்தான் பயணச்சீட்டு வாங்கும்போதே உணவு விலக்கைத் தெரிவிக்கச் சொல்கிறார்கள்.

அன்பு வாசகர்களே! உங்களில் யாரேனும் நாளை கப்பலேறினால், காந்தியைப் போல் கூச்சப்படாதீர்கள். விலக்குவது எது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு ஈடு எது என்றும் கேளுங்கள். ஒன்றை உண்ணாதிருப்பதால் மட்டும் எவரும் கெடுவதில்லை. அது தந்துவந்த சத்து எது என்று அறியாமல் ஈடின்றி விடும்போதுதான் கேடு வருகிறது. இந்த அறிவுக்காக ரியுஜோவின் மாலுமிகளும் கோலாலம்பூர் நோயாளிகளும் கொடுத்த விலை பெரிது. இன்றிரவு உங்கள் வீட்டில் புழுங்கலரிசிச் சோறு என்றால், உண்ணும்முன் அவர்களை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.